நிலா பார்க்க நல்ல நாள் அஷ்டமியும் நவமியும்தான்

கொள்ளிடக்கரையான் | திருவையாறு

பௌர்ணமி வந்தால்தான் நம் ஆட்கள் டெலஸ்கோப்பை மாடிக்குத் தூக்குகிறார்கள். நிலாவில் உருப்படியாக எதையாவது பார்க்க வேண்டுமென்றால் அதைவிட மோசமான இரவு கிடையாது. அன்றைக்குச் சூரியன் நம் முதுகுப் பக்கமிருந்து நேராக அடிக்கிறது. ஒவ்வொரு கல்லின் நிழலும் அந்தக் கல்லுக்குப் பின்னாலேயே மறைந்துவிடும். மலையும் பள்ளமும் தட்டையாகிவிடும், கண் கூசுவதுதான் மிச்சம். டைக்கோ பள்ளத்திலிருந்து நாலாபக்கமும் ஓடுகிற வெள்ளைக் கீற்றுகளைப் பார்க்க மட்டும் பௌர்ணமி சரி.

உண்மையான வேடிக்கை வளர்பிறை அஷ்டமியிலும் நவமியிலும் இருக்கிறது. நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று வீட்டில் ஒதுக்கி வைக்கிற அதே இரண்டு நாள். காரணம் எளிது. சூரியனும் நிலாவும் 12 டிகிரி விலகினால் ஒரு திதி. அஷ்டமி 84 டிகிரியில் தொடங்கி 96-ல் முடிகிறது. சரியான அரை நிலா 90 டிகிரியில், அதாவது அஷ்டமியின் நடுவில். அப்போது வெளிச்சமும் இருட்டும் சேருகிற கோடு நிலாவின் நடுமுகத்தில் ஓடுகிறது. அந்தக் கோட்டில் நிற்பவருக்கு அது விடியற்காலை. சூரியன் தரையோடு தரையாக இருக்கிறது. சுவர்ப் பூச்சில் மேடு பள்ளம் தெரியக் கொத்தனார் விளக்கைப் பக்கவாட்டில் பிடிப்பாரே, அதே வித்தைதான்.

டெல்டாவில் இருக்கும் நமக்கு இன்னொரு வசதி. அஷ்டமி அன்று சூரியன் மறையும்போது நிலா கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். மேலே பார்க்கிறபோது நடுவில் குறைந்த காற்று, அதனால் படம் குறைவாக ஆடும். ஐரோப்பாவில் இருப்பவர்கள் வருஷத்தில் சில மாதம் மட்டுமே இப்படிப் பார்க்க முடியும்.

என்னிடம் இருப்பது 6 அங்குல டாப்சோனியன், குழிக்கண்ணாடி வைத்த டெலஸ்கோப். லூனார் எக்ஸ், நேர்ச்சுவர், பொன் கைப்பிடி என்று நிலாவில் சாய்ந்த வெயிலில் தெரிகிற காட்சிகளை நம் பக்கத்தில் யாரெல்லாம் பார்த்திருக்கிறீர்கள்? எழுதுங்கள்.


மன்னை மாடிவீடு | மன்னார்குடி

அண்ணா, என்னிடம் 70 மில்லிமீட்டர் டெலஸ்கோப்தான் இருக்கிறது. ஆன்லைனில் வாங்கியது, பெட்டியில் '500 மடங்கு பெரிதாக்கும்' என்று போட்டிருந்தார்கள், போட்டுப் பார்த்தால் வெறும் மூட்டம். இதில் அந்த எக்ஸ் தெரியுமா? எவ்வளவு நேரம் இருக்கும்?


கொள்ளிடக்கரையான் | திருவையாறு

70 மில்லிமீட்டர் தாராளமாகப் போதும் தம்பி. பெட்டியில் போட்டிருப்பதை மறந்துவிடு. அந்த அளவு லென்ஸுக்கு 140 மடங்குக்கு மேல் போனால் பயனில்லை. எக்ஸ் பார்க்க 50, 60 மடங்கே அழகாக இருக்கும். கை ஆடாமல் ஸ்டாண்டில் வைத்த பைனாகுலரிலும் தெரியும்.

லா காயே, பிளாங்கினஸ், புர்பாக் என்று மூன்று பெரும் பள்ளங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன. அவற்றின் சுவர்கள் சந்திக்கிற இடம் சுற்றுவட்டாரத்தைவிட உயரம். கீழே பள்ளத்தாக்குகள் எல்லாம் இருட்டில் இருக்கும்போதே சுவரின் உச்சிகளில் வெயில் பட்டுவிடும். இருட்டுப் பக்கத்தில், வெளிச்சத்தோடு ஒட்டாமல், தனியாக ஒரு எக்ஸ் மிதக்கும். ஏறத்தாழ 4 மணி நேரம். பிறகு வெயில் சரிவில் இறங்கி, சுற்றியுள்ள தரையும் வெளுத்து, எக்ஸ் கூட்டத்தில் கரைந்துவிடும்.

அதே நேரத்தில், நிலாவின் குறுக்கே ஓடும் நடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே உக்கர்ட் பள்ளத்தருகில் ஒரு வி எழுத்தும் தெரியும். எக்ஸ் கிடைத்தால் வி-யும் தேடு. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

எங்கே தேடுவது என்றால், நிலாவின் மையத்திலிருந்து தெற்கு விளிம்பு வரை இருக்கிற தூரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, வெளிச்சக் கோட்டை ஒட்டி.


தலைஞாயிறு | வேதாரண்யம் வட்டம்

எனக்கு ஒன்று புரியவில்லை. மூன்று சுவர் சந்தித்தால் எக்ஸ் மாதிரி ஏதோ தெரியத்தான் செய்யும். இரண்டு சுவர் சந்தித்தால் வி. பாட்டி வடை சுடுகிறாள் என்று சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கண்ணுக்குப் பழகிய எழுத்தை நாமே அங்கே போய் ஒட்டுகிறோம். இதற்கு அஷ்டமி, நவமி, டெலஸ்கோப் என்று இவ்வளவு ஆர்ப்பாட்டம்.


பாபநாசம் வாத்தியார் | பாபநாசம்

தலைஞாயிறு சார் கேட்பது நியாயமான கேள்வி. எழுத்து நம் கண்ணில் இருக்கிறது, நிலாவில் இல்லை. அதில் சண்டையே இல்லை. ஆனால் பாட்டியும் எக்ஸும் ஒரே சாதி அல்ல.

பாட்டி, முயல் எல்லாம் தரையின் நிறம். பழைய எரிமலைக் குழம்பு பரவி உறைந்த கருஞ்சமவெளிகள். அமாவாசை தவிர எந்த நாளிலும், வெயில் பட்ட பகுதியில் அவை அங்கேயே இருக்கும். பௌர்ணமியில் பாட்டி பளிச்சென்று தெரிவதற்குக் காரணமே நிழல் இல்லாததுதான். எக்ஸ் நிறம் அல்ல, உயரம். நிழலை எடுத்துவிட்டால் எக்ஸ் இல்லை. அதனால்தான் அது மணிக்கணக்கில் வந்து போகிறது. அந்த வந்துபோகிற நேரத்தை அளந்தால் மலையின் உயரம் கிடைக்கும். பாட்டியை அளந்து வடையின் உயரம் கிடைக்காது.

1609-ன் கடைசியிலும் 1610-லும் கலிலியோ செய்தது இதுதான். வெளிச்சக் கோட்டுக்கு அப்பால், இருட்டுக்குள், தனியாகச் சில புள்ளிகள் மின்னுவதைப் பார்த்தார். நேரம் போகப் போக அவை வளர்ந்து வெளிச்சத்தோடு சேர்ந்தன. மலை உச்சிகளில் முதலில் வெயில் படுகிறது என்று புரிந்துகொண்டார். அப்புறம் பிதாகரஸ் கணக்குப் போட்டார். கோட்டிலிருந்து அந்தப் புள்ளி நிலாவின் விட்டத்தில் இருபதில் ஒரு பங்கு தள்ளி இருந்தால், மலை எவ்வளவு உயரம்? இன்றைய அளவுகளைப் போட்டுப் பாருங்கள். ஆரம் 1737 கிலோமீட்டர், தள்ளி இருக்கும் தூரம் 174 கிலோமீட்டர். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, மூலம் எடுத்து, ஆரத்தைக் கழித்தால் 8.7 கிலோமீட்டர் சொச்சம் வரும். கொஞ்சம் அதிகம்தான். நிலாவின் அபெனைன் தொடரில் உயரமான ஹியூஜென்ஸ் சிகரமே 5 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் வீட்டில் உட்கார்ந்து கண்ணாடிக் குழாயில் பார்த்து, இன்னொரு உலகத்தின் மலைக்கு உயரம் சொன்ன முதல் ஆள் அவர். அதற்கு அவருக்குக் கிடைத்தது இந்த நிழல் ஒன்றுதான்.

இதில் இன்னொரு விஷயம், அங்கே விடியல் மிக மெதுவாக நடக்கும். நம் ஊரில் சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. நிலாவில் மணிக்கு அரை டிகிரி. சூரிய வட்டத்தின் அகலமே அரை டிகிரி என்பதால், எட்டிப் பார்க்கத் தொடங்கிய சூரியன் முழு வட்டமாக மேலே வரவே ஒரு மணி நேரம் பிடிக்கும். நிலாவின் நடுக்கோட்டில் வெளிச்சக் கோடு நகர்கிற வேகம் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். அதனால்தான் எக்ஸ் விரிவதையும் கரைவதையும் உட்கார்ந்து பார்க்க நமக்கு அவகாசம் கிடைக்கிறது.


தலைஞாயிறு | வேதாரண்யம் வட்டம்

வடையின் உயரம்! சரி வாத்தியார் சார், கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எக்ஸ் 'அபூர்வம்' என்று வாட்ஸப்பில் பரப்புகிறார்களே, அதாவது உண்மையா?


பாபநாசம் வாத்தியார் | பாபநாசம்

நிலாவுக்கு அபூர்வம் இல்லை, மாதா மாதம் வரும். நமக்குத்தான் நேரம் அமைய வேண்டும். ஒரு வளர்பிறையிலிருந்து அடுத்த வளர்பிறைக்குச் சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம். அந்த 12 மணி 44 நிமிடம்தான் வில்லன். இந்த மாதம் இரவு 8 மணிக்கு எக்ஸ் வந்தால், அடுத்த மாதம் சுமார் காலை 9 மணிக்கு வரும். அப்போது அரை நிலா இன்னும் உதிக்கவே இல்லை. அதற்கடுத்த மாதம் மறுபடி இரவுப் பக்கம் வரும். ஏறத்தாழ ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் நமக்கு வாய்ப்பு உண்டு. அதில் ஐப்பசி, கார்த்திகையை மழை தின்றுவிடும்.

பிற்பகல் 4 மணிக்கு வந்தாலும் விடாதீர்கள். அரை நிலா நண்பகலில் உதித்துவிடும், நீல வானத்திலேயே எக்ஸைப் பார்த்துவிடலாம்.


வாக்கியமே சரி | கும்பகோணம்

கொள்ளிடக்கரையான் சார் திதியை வைத்துச் சொல்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் எந்தப் பஞ்சாங்கம்? எங்கள் வீட்டில் பரம்பரையாக வாக்கியம்தான். போன மாதம் அதில் அஷ்டமி முடியும் நாழிகையும், கடையில் வாங்கிய திருக்கணிதத்தில் முடியும் நேரமும் பல மணி நேரம் தள்ளி இருந்தது. எதை நம்பி மாடிக்கு ஏறுவது?


கொள்ளிடக்கரையான் | திருவையாறு

உங்கள் பெயரைப் பார்த்ததுமே இந்தக் கேள்வி வரும் என்று நினைத்தேன். நிலாவைக் குறிபார்க்க, இன்றைய வானியல் அளவுகளை வைத்துக் கணிக்கிற திருக்கணிதம்தான் சார். கோபித்துக்கொள்ளாதீர்கள். வாக்கியம் பழைய சூத்திர வாய்பாடுகளை வைத்துக் கணிப்பது, கோயில் வழக்கத்துக்கு அதற்கென்று ஒரு மதிப்பு உண்டு. 2025 மார்ச்சில் திருக்கணிதப்படி சனி பெயர்ந்தபோது, திருநள்ளாறு கோயில் 'எங்களுக்கு வாக்கியப்படி 2026-ல்தான்' என்று அறிவித்தது நினைவிருக்கும். சனி மெதுவாகப் போவதால் அங்கே ஒரு வருஷ வித்தியாசம். நிலாவுக்குச் சில மணி நேர வித்தியாசம். 4 மணி நேரமே நிற்கிற எக்ஸுக்குச் சில மணி நேரம் என்பது எல்லாமே.

ஆனால் திருக்கணிதமும் நாளைத்தான் காட்டும், நிமிடத்தைக் காட்டாது. நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுகிறது என்றாலும் கிழக்கு மேற்காக 8 டிகிரி வரை தலையசைக்கும். வெளிச்சக் கோடு 8 டிகிரி கடக்க 15 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் ஒரு மாதம் சப்தமி இரவிலேயே எக்ஸ் முளைத்துவிடும், இன்னொரு மாதம் அஷ்டமி முடிகிற நேரம்வரை காக்க வைக்கும். பஞ்சாங்கத்தில் நாளைக் குறித்துக்கொண்டு, சரியான நேரத்துக்கு நாசாவின் 'டயல் எ மூன்' இணையப் பக்கத்தைப் பாருங்கள். வருஷம் முழுவதற்கும் மணிக்கு மணி நிலாவின் படம் போட்டிருக்கிறார்கள். அது உலக நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். கணினி இருந்தால் வர்ச்சுவல் மூன் அட்லஸ் என்கிற நிலா வரைபட மென்பொருள் இலவசம்.


வாக்கியமே சரி | கும்பகோணம்

பெயரை மாற்ற மாட்டேன். ஆனால் மாடிக்குத் திருக்கணிதத்தை எடுத்துப் போகிறேன்.


நாகை அலைவரிசை | நாகப்பட்டினம்

நான் போனில் படம் எடுப்பவள். முதலில் பார்க்கிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை.

முதலாவது திசை. இணையத்தில் இருக்கிற எக்ஸ் படங்கள் எல்லாம் வடக்கு மேலே, வெளிச்சம் வலது பக்கம் என்று இருக்கும். நம் ஊரில் மாசி, பங்குனி அஷ்டமியில் நிலா உச்சிக்கு வடக்கே போகும். நாம் வடக்கே திரும்பி அண்ணாந்து பார்ப்போம். அப்போது நிலாவின் தெற்குப் பக்கம்தான் மேலே இருக்கும். எக்ஸைக் கீழே தேடினால் கிடைக்காது. நேரம் கழித்து நிலா மேற்கே சாயும்போது வெளிச்சப் பக்கம் கீழே போய்விடும், பிறை மல்லாந்து கிடக்கும் என்போமே, அந்த நிலை. அதற்கு மேல் டெலஸ்கோப் தன் பங்குக்குத் திருப்பும். டாப்சோனியனில் படம் தலைகீழ், லென்ஸ் டெலஸ்கோப்பில் 90 டிகிரி கண்ணாடி போட்டால் இடம் வலம் மாறும். எனவே மேல், கீழ் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். தெற்கே டைக்கோ, வடக்கே கறுத்த தரையோடு பிளேட்டோ பள்ளம், இந்த இரண்டையும் கண்டுபிடித்துவிட்டு வழி போடுங்கள். சரியாக அரை நிலா என்றால் இரண்டுமே இன்னும் இருட்டில் இருக்கலாம். அப்போது அபெனைன் மலைத்தொடரைப் பிடியுங்கள். வெளிச்சக் கோட்டின் வடபாதியில், இருட்டுக்குள் நீட்டிக்கொண்டு பளபளக்கும். தவறவிடவே முடியாது.

இரண்டாவது, குழி மேடாகத் தெரிவது. வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று நம் மூளை தானாக எடுத்துக்கொள்கிறது. படத்தில் வெளிச்சம் கீழிருந்து வந்தால் பள்ளமெல்லாம் கொப்புளமாகப் புடைத்து நிற்கும். என் படங்களைப் பார்த்துவிட்டு 'நிலாவில் இத்தனை குன்றா' என்று கேட்டவர்கள் உண்டு. படத்தை 180 டிகிரி திருப்புங்கள், குழி குழியாகிவிடும்.

போனில் எடுப்பவர்கள் வெளிச்சத்தை நிலாவின் விளிம்புக்கு வைக்காதீர்கள். வெளிச்சக் கோட்டில் விரலை வைத்துத் தொட்டு, அங்கே சரியாகத் தெரிகிற அளவுக்கு வையுங்கள். விளிம்பு வெளுத்துப் போனால் போகட்டும்.


மன்னை மாடிவீடு | மன்னார்குடி

அக்கா, குழி மேடு சமாச்சாரம் எனக்கும் நடந்தது! கண்தான் கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். சரி, நேர்ச்சுவர் என்று அண்ணா சொன்னாரே, அது என்ன?


பாபநாசம் வாத்தியார் | பாபநாசம்

எனக்கு மிகப் பிடித்த இடம், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

மாரே நூபியம் சமவெளியில் தரை வெடித்து, ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது. நீளம் சுமார் 110 கிலோமீட்டர். அதாவது கல்லணையிலிருந்து கிழக்கே கோடு போட்டால் கிட்டத்தட்ட கடலைத் தொட்டுவிடும். உயரம் சுமார் 300 மீட்டர்தான். ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்டு, நிலாவில் அது 1.86 கிலோமீட்டர். உன் 70 மில்லிமீட்டர் டெலஸ்கோப் 3 கிலோமீட்டருக்குக் குறைந்த எதையும் பிரித்துக் காட்டாது. அப்படியானால் 300 மீட்டர் சுவர் எப்படித் தெரிகிறது?

நிழல்தான் காட்டுகிறது. சூரியன் 1.5 டிகிரி உயரத்தில் இருந்தால் 300 மீட்டர் சுவரின் நிழல் 11 கிலோமீட்டருக்கு மேல் நீளும். 5 டிகிரியில் சுமார் மூன்றரை கிலோமீட்டர். அங்கே சூரியன் உதித்து 3 மணி நேரம் ஆனபோது 1.5 டிகிரி, 10, 11 மணி நேரம் கழித்து 5 டிகிரி. நவமி இரவில் போய்ப் பார், கத்தியால் கீறியது போல ஒரு கறுப்புக் கோடு தெரியும். பக்கத்தில் பர்ட் என்று ஒரு சின்னப் பள்ளம், அடையாளத்துக்கு.

பெயரில் சுவர் என்று இருந்தாலும் அது செங்குத்து இல்லை, ஏறி நடக்கக்கூடிய சரிவு. நீண்ட நிழல்தான் அதைப் பெரிய மதில்போலக் காட்டுகிறது. தலைஞாயிறு சார் சொன்ன மாயை இங்கே ஓரளவு பொருந்தும் என்று ஒத்துக்கொள்கிறேன்.


திருத்துறைப்பூண்டி உழவன் | திருத்துறைப்பூண்டி

நீங்கள் எல்லாரும் சாயங்கால நிலாவையே பேசுகிறீர்கள். நான் மோட்டார் போட நடுராத்திரிக்கு மேல் வயலுக்குப் போகிறவன். அப்போது தலைக்கு மேல் இருப்பது தேய்பிறை நிலா. அதில் இந்த வேடிக்கை ஒன்றும் கிடையாதா?

இன்னொன்று. மாடியில் வைத்துப் பார்க்காதீர்கள். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் ராத்திரி 9 மணிவரை சூட்டைக் கக்கும், நிலா கொதிக்கிற மாதிரி நெளியும். என் மருமகன் டெலஸ்கோப்பைக் கொண்டு வந்தபோது அறுவடை முடிந்து உளுந்து தெளித்த வயலில் வைத்தோம், படம் அசையாமல் நின்றது. அறுவடை மெஷின் ஓடுகிற வாரத்தில் மட்டும் வேண்டாம், தூசி. மார்கழி, தை விடிகாலையில் மூடுபனி நிலாவையே விழுங்கிவிடும்.


கொள்ளிடக்கரையான் | திருவையாறு

வயலைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி அண்ணே. மெல்லிய பனிமூட்டம் இருந்தாலும் காற்று அசையாமல் இருந்தால் நிலாவுக்கு அது கெடுதலே இல்லை. லென்ஸில் பனி கோக்காமல் ஒரு அட்டையைச் சுருட்டி முன்னால் நீட்டிவிட்டால் போதும்.

தேய்பிறையில் அதே இடங்களில் சூரியன் மறைகிறது. வெளிச்சம் எதிர்ப் பக்கமிருந்து வரும், நிழல்கள் எல்லாம் திசை மாறி விழும். நேர்ச்சுவரைப் பாருங்கள். அதன் சரிவு மேற்கே பார்த்து இருக்கிறது. வளர்பிறையில் வெயில் கிழக்கிலிருந்து வருவதால் சரிவு நிழலில் கிடக்கும், கறுப்புக் கோடு. தேய்பிறை அஷ்டமி முடிந்து நவமி பிறக்கிற சமயத்தில் மாலை வெயில் அந்தச் சரிவில் நேராக அடிக்கும், அதே கோடு வெள்ளையாக மின்னும். சாயங்காலக்காரர்கள் யாரும் இதைப் பார்ப்பதில்லை. உங்களுக்கு மோட்டார் கொடுத்த வாய்ப்பு.


தலைஞாயிறு | வேதாரண்யம் வட்டம்

இதெல்லாம் பொழுதுபோக்கு சரி. நிலாவுக்கே போய் இறங்குகிற காலத்தில் நிழலை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்?


பாபநாசம் வாத்தியார் | பாபநாசம்

இறங்குகிறவர்களுக்குத்தான் நிழல் அதிகம் தேவை. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 இறங்கியபோது அந்த இடத்தில் சூரியன் சுமார் 10 டிகிரி உயரத்தில் இருக்கும்படி நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைவிட மேலே இருந்தால் பாறையும் குழியும் கண்ணுக்குத் தட்டையாகிவிடும், மிகவும் கீழே இருந்தால் எல்லாம் நிழலில் மூழ்கும். நம் சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று தெற்கே 69 டிகிரியில் இறங்கியது. அரை நிலாவுக்கு முந்தின நாள். அங்கே காலை வேளை. சூரிய ஒளியில் ஓடும் கருவிகளுக்கு நிலாவின் ஒரு பகல், நம் கணக்கில் சுமார் 14 நாள், முழுசாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக.

தென்துருவத்தில் நிழலே நாயகன். நிலாவின் அச்சு சூரியனுக்கு ஒன்றரை டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. துருவத்தில் சூரியன் எப்போதும் அடிவானத்தை உரசிக்கொண்டே சுற்றும். ஷாக்கிள்டன் போன்ற பள்ளங்களின் அடியில் கோடிக்கணக்கான வருஷமாக வெயில் பட்டதில்லை. அந்த நிழலில் தண்ணீர் உறைந்து கிடக்கலாம் என்பதால்தான் எல்லா நாடும் தெற்கே ஓடுகிறது. 2009-ல் கேபியஸ் பள்ளத்தின் இருட்டில் ஒரு ராக்கெட் பாகத்தை மோதவிட்டு, கிளம்பிய தூசியில் தண்ணீரைக் கண்டார்கள்.

நிழலின் இன்னொரு வேலையைச் சொல்லிவிடுகிறேன். பாதி நிலா முழு நிலாவில் பாதி வெளிச்சம் தரும் என்றுதானே நினைப்போம்? பத்தில் ஒரு பங்குதான் தரும். வெயில் சாய்வாக விழுவதும், நிலாவின் தூசித் தரையில் ஒவ்வொரு துகளும் அடுத்த துகள் மேல் நிழல் போடுவதும் காரணம். பௌர்ணமியில் அத்தனை நிழலும் ஒரே சமயத்தில் மறைகிறது, நிலா திடீரென்று கொளுத்துகிறது.


தலைஞாயிறு | வேதாரண்யம் வட்டம்

பத்தில் ஒரு பங்கா? இது தெரியாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே இழை முழுவதையும் படித்தது வீண் போகவில்லை.


நாகை அலைவரிசை | நாகப்பட்டினம்

பொன் கைப்பிடியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். எக்ஸைவிட எனக்கு அதுதான் பிடிக்கும், ஏனென்றால் அவ்வளவு கச்சிதமாக நேரம் பார்க்க வேண்டியதில்லை. தசமி கடைசி, ஏகாதசி தொடக்கம். சைனஸ் இரிடம் என்கிற வளைகுடா இன்னும் இருட்டில் கிடக்கும்போது, அதைச் சுற்றி வளைத்திருக்கிற ஜூரா மலைகளின் உச்சியில் வெயில் பட்டுவிடும். இருட்டுக்குள் ஒரு பொன் வளைவு நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த வளைகுடா சுமார் 250 கிலோமீட்டர் அகலம் என்பதால் சாதாரண பைனாகுலரே போதும். கடற்கரையில் நின்று பார்க்கிறபோது பக்கத்தில் நின்றவர்களிடம் கொடுத்தேன், கற்றுக்கொடுக்காமலே எல்லாரும் உடனே கண்டுபிடித்தார்கள்.

அந்த வளைவின் மேற்கு முனை ஹெராக்ளிடிஸ் முனை. 1679-ல் வானியலாளர் காசினி வெளியிட்ட நிலா வரைபடத்தில் அந்த முனையில் கூந்தல் விரித்த ஒரு பெண்ணின் தலையை வரைந்திருக்கிறார்கள். சாய்வான வெளிச்சத்தில், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் ஓரளவு தெரியும். படத்தில் இருக்கிற அழகு டெலஸ்கோப்பில் இருக்காது, முன்பே சொல்லிவிடுகிறேன்.


கொள்ளிடக்கரையான் | திருவையாறு

தசமி அன்றைக்குச் சக்தியுள்ள டெலஸ்கோப் இருப்பவர்கள் ஹார்டென்சியஸ் பள்ளத்தின் வடக்கே பாருங்கள். எரிமலைக் குழம்பு மெதுவாகக் கசிந்து உண்டான சின்னச் சின்னக் குமிழ் மேடுகள் கூட்டமாக இருக்கும். உயரம் சில நூறு மீட்டர். அடுத்த நாள் போனால் வெறும் சமவெளிதான், மேடு இருந்த சுவடே தெரியாது. சஷ்டி அன்று மாரே செரினிடாட்டிஸ் சமவெளியில் பாம்பு மாதிரி நெளிகிற மடிப்பு மேடும் அப்படித்தான்.

நவமியை நான் முழு இரவாக வைத்துக்கொள்வேன். பிளேட்டோவின் தட்டைத் தரையில் கிழக்குச் சுவரின் சிகரங்கள் ஊசி ஊசியாக நிழல் போடும். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்து வரைந்தால் ஊசிகள் சுருங்குவது தாளில் வந்துவிடும். வரையத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம், ஒரு வட்டமும் நாலு கோடும் போதும். தெற்கே கிளேவியஸ் 230 கிலோமீட்டர் அகலப் பள்ளம். அதன் தரை இருட்டாக இருக்கும்போது உள்ளே இருக்கிற இரண்டு சின்னப் பள்ளங்களின் விளிம்பு மட்டும் வெயில் வாங்கி, இரண்டு கண் விழித்துப் பார்ப்பது போல இருக்கும்.


மன்னை மாடிவீடு | மன்னார்குடி

நேற்று அஷ்டமி. அண்ணா சொன்னபடி 'டயல் எ மூன்' பார்த்துவிட்டு ஏழு மணிக்கே தென்னந்தோப்பில் வைத்துவிட்டேன். முதலில் வி தெரிந்தது, எக்ஸ் இருந்த இடத்தில் ஒரே ஒரு புள்ளி. கொஞ்ச நேரத்தில் புள்ளி கோடானது, இன்னொரு கோடு குறுக்கே வந்தது, ஒன்பது மணிக்கு முழு எக்ஸ்! அம்மா, தங்கச்சி, பக்கத்து வீட்டுத் தாத்தா எல்லாரும் பார்த்தார்கள். தாத்தா 'பெருக்கல் குறி' என்றார்.

இன்றைக்கு நவமி. ஹெசியோடஸ் ஒளிக்கதிர் என்று ஒரு இடத்தில் படித்தேன். அது என்ன, இன்று கிடைக்குமா?


பாபநாசம் வாத்தியார் | பாபநாசம்

புள்ளி கோடானதைப் பார்த்தாயே தம்பி, கலிலியோ பார்த்தது அதுவேதான். நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வை.

ஹெசியோடஸ் என்பது 43 கிலோமீட்டர் பள்ளம். கிழக்கே அதைவிடப் பெரிய பிட்டாட்டஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் இருக்கிற பொதுச் சுவரில் ஓர் இடைவெளி. ஹெசியோடஸ் முழு இருட்டில் இருக்கும்போது, பிட்டாட்டஸ் பக்கமிருந்து வெயில் அந்த இடைவெளி வழியாக நுழைந்து, இருட்டுத் தரையில் விசிறிபோல ஒரு கீற்றுப் போடும். எக்ஸில் மேட்டின் உச்சி மின்னுகிறது, இங்கே தாழ்ந்த தரையிலேயே ஒளி விழுகிறது, அதுதான் சுவை.

எக்ஸ் இருக்கும் இடத்துக்கும் இதற்கும் 17 டிகிரி சொச்சம் வித்தியாசம். மணிக்கு அரை டிகிரி என்று போட்டால் எக்ஸ் முளைத்து ஒன்றரை நாள் கழித்து. நேற்று இரவு எக்ஸ் என்றால் ஒளிக்கதிர் நாளை காலையில் வரும், நிலா நம் பக்கம் இருக்காது. இன்றைக்கு நேர்ச்சுவரையும் பிளேட்டோவையும் பார். கதிருக்கு வேறு மாதம் பார்க்கலாம். எக்ஸ் காலை 9 மணி வாக்கில் வருகிற மாதமாகத் தேடு, மறுநாள் இரவு கதிர் உனக்குத்தான்.


மன்னை மாடிவீடு | மன்னார்குடி

அப்படியானால் சராசரிக் கணக்குப்படி அடுத்த மாதமே எக்ஸ் காலை பத்து மணிக்குள் வர வேண்டும், சரியா ஐயா?


பாபநாசம் வாத்தியார் | பாபநாசம்

கணக்கு சரி. ஆனால் நிலாவின் தலையசைப்பை இதில் சேர்க்கவில்லை. டயல் எ மூனில் ஒரு முறை சரிபார்த்துவிட்டு இங்கே போடு, எல்லாரும் குறித்துக்கொள்கிறோம்.